கட்டிதட்டிய புரோபயாட்டிக் பொடியைக் கொடுக்கலாமா?

கேள்வி: என் 4 வயது மகனுக்கு ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்ததிலிருந்து வயிற்றுப்போக்கு. டாக்டர் லாக்டோபேசில்லஸ் பாக்கெட் எழுதிக்கொடுத்தார். சூடான பாலில் பாதிப் பாக்கெட் கலந்து கொடுத்துவிட்டு, மீதியை மடித்து ஃபிரிட்ஜ் மேலே வைக்கிறேன். பொடி கட்டியாகிவிடுகிறது. கொடுக்கலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம், தூக்கிப் போடுங்கள். பிரித்த பாக்கெட்டை மடித்து வைப்பதே தவறு. பாதி டோஸ்தான் என்றால் மீதி வீணாகட்டும்.

புரோபயாட்டிக் என்பது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமி. முதலில் உறையில் உள்ள பெயரைப் படியுங்கள். 'லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ்' என்றிருந்தால், அது பேசில்லஸ் கோயாகுலன்ஸ் என்ற வேறு கிருமியின் பழைய பெயர். கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் ரகம், சூடு தாங்கும். பேசில்லஸ் கிளாஸியும் அப்படித்தான். லாக்டோபேசில்லஸ் ரேம்னோசஸ், அசிடோபிலஸ் என்றிருந்தால்தான் கீழே சொல்லும் இவ்வளவு கவனமும் தேவை.

இவற்றைச் சர்க்கரை, பால்புரதம் போன்ற காப்புப் பொருளோடு உறையவைத்து, வெற்றிடத்தில் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறார்கள். காய்ந்திருக்கும்வரை உயிர் நிற்கும். ஈரக்காற்று பட்டால் காப்பு இளகி, செல்லின் சவ்வு கெட்டுக் கிருமி சாகும். பொடி கட்டிதட்டுவது அதன் அடையாளம். சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம். ஃபிரிட்ஜ் மேல்பக்கமோ எப்போதும் வெதுவெதுப்பு!

'25 டிகிரிக்குக் கீழ்' என்று பெரும்பாலும் உறையில் இருக்கும். வடசென்னையில் மே மாதம் அந்தக் குளிர்ச்சி எந்த அலமாரியில் கிடைக்கும்? பிரிக்காத பாக்கெட்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், கதவில் வேண்டாம். ஓரிரு மணிநேரம் கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருந்தால் போதும். வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள். குளிர் விட்டபின் வெட்டினால் உள்ளே நீர் வேர்க்காது. ஃபிரிட்ஜ் இல்லையென்றால் இரண்டு நாளைக்கு மட்டும் வாங்குங்கள். குளிரில் வைக்கச் சொல்லும் மருந்தை மெடிக்கல் ஷாப்பில் திறந்த ரேக்கிலிருந்து எடுத்துத் தந்தால் வாங்க வேண்டாம்.

சூடான பால் கூடாது. காய்ச்சி நன்றாக ஆறிய பால் அல்லது தண்ணீர் இரண்டு மூன்று ஸ்பூன் போதும். டம்ளர் நிறையக் கலந்தால் பிள்ளை மிச்சம் வைப்பான். கலந்த உடனே கொடுங்கள். ஆன்டிபயாட்டிக்குக்கும் இதற்கும் 2 மணிநேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லையேல் அதுவே இதைக் கொன்றுவிடும். சாக்கரோமைசஸ் பவுலார்டி ஈஸ்ட் வகை என்பதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குன்றிய பிள்ளைகளுக்கு மட்டும் இவை எதையும் டாக்டர் சொல்லாமல் தரக்கூடாது.

பாக்கெட்டைவிட ஓஆர்எஸ் முக்கியம். ஒவ்வொரு முறை போனபிறகும் கொடுங்கள். ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக நிறுத்தாதீர்கள், போக்கு குறையவில்லை என்றால் அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம், 6 மணிநேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழிந்து சோர்ந்து கிடக்கிறான் என்றால் உடனே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.