வீடு தேடி வரும் ஒயின் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒயின் கிளப் ஒன்றில் சேர்ந்தால் முதல் பெட்டி பாதி விலை என்று விளம்பரம் வந்திருக்கிறது. நானும் கணவரும் சூப்பர்மார்க்கெட்டில் எப்போதும் அதே ரெண்டு மூணு ஒயினைத்தான் எடுக்கிறோம். புதுசாக எதையாவது குடித்துப் பார்க்க ஆசை. சேரலாமா? – வாசகி, ஹாரோ, லண்டன்

சேரலாம், ஆனால் பாதி விலைக்காகச் சேராதீர்கள். முதல் பெட்டியில் கிடைக்கும் தள்ளுபடி உங்களை உள்ளே இழுப்பதற்கு அவர்கள் செய்யும் செலவு. நீங்கள் கேட்க வேண்டியது இரண்டாவது பெட்டி என்ன விலை, எப்போது வரும், இந்தத் தடவை வேண்டாம் என்றால் யாரிடமும் போனில் கெஞ்சாமல் நிறுத்திவைக்க முடியுமா என்பதுதான். இதற்கு நேரான பதில் வராத இடத்தில் கார்டு நம்பரைக் கொடுக்காதீர்கள்.

எல்லாக் கிளப்பும் ஒரே மாதிரி இல்லை. ஒயின் சொசைட்டி 1874-இல் தொடங்கிய கூட்டுறவு அமைப்பு. ராயல் ஆல்பர்ட் ஹால் நிலவறையில் கவனிப்பாரில்லாமல் கிடந்த போர்ச்சுகல் ஒயின்களில் தொடங்கிய கதை அதனுடையது. ஒரு தடவை 40 பவுண்ட் கொடுத்துப் பங்கு வாங்கினால் ஆயுளுக்கும் உறுப்பினர், அப்புறம் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, வேண்டுமென்றால் அவர்களே தேர்ந்தெடுத்து அனுப்பும் பெட்டிக்குச் சொல்லிவைக்கலாம். 2008-இல் வந்த நேக்கட் ஒயின்ஸ் வேறு ரகம். மாதம் 25 பவுண்ட் உங்கள் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும், அந்தப் பணம் சிறிய தயாரிப்பாளர்களுக்கு முதலீடாகப் போகிறது, உங்களுக்குத் தோன்றும்போது அதில் ஒயின் வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது வகைதான் பழைய வழி: சில மாதங்களுக்கு ஒருமுறை அவர்கள் தேர்ந்தெடுத்த பெட்டி வாசலுக்கு வந்துவிடும், வேண்டாமென்றால் நீங்கள்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மறதிக்காரர்களுக்கு இந்த மூன்றாவது வகை சரிப்படாது.

சரி, இதில் உங்களுக்கு என்ன லாபம்? கடையில் போய் நின்றால் கை தானாகத் தெரிந்த பெயருக்குத்தான் போகும். கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவின் அசிர்ட்டிகோ திராட்சை, ஸ்பெயினின் வடமேற்கிலிருந்து வரும் கொடெல்லோ, மென்சியா திராட்சைகள், ஜார்ஜியா நாட்டில் மண்ணில் புதைத்த பெரிய ஜாடிகளில் புளிக்கவைக்கும் ஒயின்கள், இதையெல்லாம் லேபிளை மட்டும் பார்த்து யார் எடுப்பார்கள்? அந்தத் தயக்கத்தை இன்னொருவர் உங்களுக்காகத் தாண்டிவிடுகிறார், அதற்குத்தான் காசு. அதனால் ஒரே ஒயினில் ஆறு பாட்டில் வருகிற பெட்டி வேண்டாம், கலந்த பெட்டியே கேளுங்கள், கூடவே வரும் தாளில் திராட்சை என்ன, ஊர் எது, யார் செய்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். "பழச்சுவை மிக்க அருமையான சிவப்பு ஒயின்" என்று மட்டும் எழுதுகிறவர்களிடம் நீங்கள் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. குடித்ததும் பிடித்தது, பிடிக்காதது, ஏன் என்று ரெண்டு வரி குறித்து அவர்களுக்கும் அனுப்புங்கள். நல்ல கிளப் அடுத்த பெட்டியை அதைப் பார்த்து மாற்றும்.

மலிவான பெட்டி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டனில் 12.5 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின் ஒரு பாட்டிலுக்கு மதுத் தீர்வை மட்டும் ஏறக்குறைய மூன்று பவுண்ட், அதற்கு மேல் 20 சதவீதம் வாட் என்ற விற்பனை வரி, அப்புறம் கண்ணாடி, கப்பல், லாரி, கடைக்காரர் லாபம். ஐந்தாறு பவுண்ட் பாட்டிலில் உள்ளே இருக்கும் ஒயினுக்கு மிஞ்சுவது சில்லறைதான். கொஞ்சம் கூடக் கொடுத்து பாட்டிலைக் குறைத்துக்கொள்ளுங்கள். உடம்புக்கும் அதுதான் நல்லது, ஏனென்றால் பிரிட்டனில் வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால்) மேல் வேண்டாம் என்கிறார்கள், 13.5 சதவீத ஒயின் ஒரு முழு பாட்டிலே பத்து யூனிட்.

கேள்வி: வீட்டில் காரம் அதிகம். கிளப்காரர்களிடம் எப்படிப்பட்ட ஒயின் கேட்கலாம்? – வாசகர், மில்டன் கீன்ஸ்

ஆல்கஹால் கூடக்கூட மிளகாயின் எரிச்சலும் கூடும். துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயினும் காரத்தோடு சேர்ந்தால் வாயை வறட்டும். அதனால் 14, 15 சதவீத ஷிராஸ் சிவப்பு ஒயினைத் தள்ளிவைத்துவிட்டு ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு ரைஸ்லிங் வெள்ளை ஒயின் கேளுங்கள், அதிலும் லேபிளில் கபினெட் என்று இருப்பது. பெரும்பாலும் எட்டு, ஒன்பது சதவீதம்தான், லேசான இனிப்பு காரத்தைத் தணிக்கும், அந்தப் புளிப்பு புளி ஊற்றிய மீன் குழம்போடு அவ்வளவு நன்றாகப் போகும்! சிவப்புதான் வேண்டும் என்றால் பிரான்சின் பொஜொலே பகுதியின் கமே திராட்சை ஒயின், துவர்ப்பு குறைவு, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஆட்டுக்கறிக்குப் போதும்.

கேள்வி: நாங்கள் சைவம். ஒயின் திராட்சைதானே, கவலைப்பட என்ன இருக்கிறது? – வாசகி, லெஸ்டர்

இருக்கிறது. ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் இவற்றில் ஏதாவது ஒன்றைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. பிறகு வடித்துவிடுவார்கள் என்றாலும் பயன்படுத்தியது பயன்படுத்தியதுதான். முட்டையும் பாலும் ஒவ்வாமைப் பொருள்கள் என்பதால் மிச்சம் இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும், மீனுக்கும் ஜெலட்டினுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே லேபிளை மட்டும் நம்பாதீர்கள். பெண்டோனைட் என்ற களிமண்ணால் தெளியவைத்ததும், எதுவுமே சேர்க்காததும் நிறையக் கிடைக்கின்றன. சேரும்போதே "எங்களுக்கு விலங்குப் பொருள் எதுவும் பயன்படுத்தாத வீகன் ஒயின் மட்டும்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சென்னையில் இப்படி ஒரு கிளப் உண்டா? – வாசகர், அண்ணா நகர்

இல்லை. 2003 முதல் தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம், வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் ஏற்பாடும் கிடையாது. 2020 மே மாதம் உச்ச நீதிமன்றம் வீட்டு விநியோகத்தை மாநிலங்கள் பரிசீலிக்கலாம் என்று சொன்ன பிறகு மேற்கு வங்கமும் ஒடிசாவும் அனுமதித்தன, தமிழ்நாட்டில் அது நடக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பாட்டில் படம் காட்டி முன்பணம் கேட்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஆசை இருந்தால் நாசிக் பக்கம் ஒரு பயணம் போங்கள், அங்கே திராட்சைத் தோட்டத்திலேயே ஒயினைச் சுவைத்துப் பார்க்க விடுகிறார்கள். பெங்களூரு போனால் நந்தி மலை அடிவாரமும் உண்டு.

கேள்வி: பெட்டியில் வந்த ஒரு பாட்டிலில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. திருப்பித் தர முடியுமா? – வாசகர், க்ராய்டன்

தாராளமாக. அது கார்க்கில் உண்டாகும் டிசிஏ என்ற வேதிப்பொருளின் வேலை, உங்கள் மூக்கில் கோளாறு இல்லை. மிச்சத்தைக் கொட்டிவிடாமல் மூடி வைத்துவிட்டு அன்றைக்கே எழுதுங்கள், நல்ல கிளப் கேள்வி கேட்காமல் பணத்தையோ வேறு பாட்டிலையோ தரும். பெட்டியே பிடிக்கவில்லை என்றால் திறக்காத பாட்டில்களுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை, இணையத்தில் வாங்கியவர் என்ற முறையில் உங்களுக்குச் சட்டப்படி இருக்கிறது.