வியூவில் (Vue, வலைப்பக்கம் எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்) பட்டனை அழுத்தி மதிப்பை மாற்றிய பிறகும் அடுத்த வரியில் திரையின் பழைய மதிப்பே கிடைக்கிறது. இது ஃபிரேம்வொர்க்கின் பிழையா?

பிழை இல்லை. கிளிக் ஹேண்ட்லருக்குள், அதாவது பட்டனை அழுத்தினால் ஓடும் ஃபங்ஷனுக்குள், மதிப்பை மாற்றிவிட்டு அடுத்த வரியிலேயே டாமைப் (DOM, திரையில் தெரியும் பக்கத்தை பிரவுசர் வைத்திருக்கும் வடிவம்) படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மாறியில் புதிய மதிப்பு வந்திருக்கும், கன்சோலில் பாருங்கள். டாம்தான் இன்னும் மாறவில்லை. வியூ மாற்றங்களை வரிசையில் சேர்த்துவைத்து, நடக்கும் வேலை முடிந்ததும் மைக்ரோடாஸ்க்கில் (கையிலுள்ள கோடு முடிந்த உடனே பிரவுசர் செய்யும் சின்ன வேலை) மொத்தமாகச் செய்யும். ஒரே ஃபங்ஷனில் ஓர் எண்ணை நூறு தடவை கூட்டினாலும் காம்பொனென்ட், அதாவது பக்கத்தின் அந்தப் பகுதி, ஒருமுறைதான் வரையப்படும்.

'செட்டைம்அவுட் (setTimeout, சொன்ன நேரம் கழித்து கோடை ஓட்டுவது) போடு, சரியாகிவிடும்' என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் மண்டி. (தென்காசி 2019ல் தனி மாவட்டமானாலும் எங்களுக்கு அது நெல்லைச் சீமைதான்.) பில் போடும் பக்கம் வியூவில் எழுதியது. எடையை அடித்து என்டர் தட்டினால் புது வரி உருவாகி, கர்சர் அதன் எடைக் கட்டத்துக்குப் போக வேண்டும். எனக்கு முன் வேலை செய்தவர் அதற்கு 300 மில்லி விநாடி செட்டைம்அவுட் வைத்திருந்தார். கேரளா லாரி கிளம்பும் அவசரத்தில் கணக்கப்பிள்ளை கை நிற்காது. 48 அடித்து என்டர் தட்டி உடனே 62 அடித்தால், கர்சர் நகரும் முன்பே அது பழைய கட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். கத்தரிக்காய் 4862 கிலோ! அண்ணாச்சி திட்டியதோ கணக்கப்பிள்ளையை. "நான் சரியாத்தான் அடிச்சேன் தம்பி, மிஷின்தான் மாத்துது" என்று அவர் என்னிடம் சொன்னபோது குரல் கம்மியிருந்தது. அவர் சொன்னது முழு உண்மை.

நான் அந்த 300ஐ எடுத்துவிட்டு, வரியைச் சேர்த்ததும் 'அவெய்ட் நெக்ஸ்ட்டிக்' (await nextTick, வியூ டாமை மாற்றி முடிக்கும்வரை காத்திருப்பது), அடுத்து கர்சரைக் கட்டத்தில் வைக்கும் ஃபோகஸ் என்று எழுதினேன். பிரவுசர் அடுத்த விசையை எடுக்கும் முன்பே மைக்ரோடாஸ்க்குகள் முடிந்துவிடும், அதனால் இடையில் எண் தவறி விழ இடமே இல்லை. செட்டைம்அவுட்டே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நிஜமாகவே நேரம் கடக்க வேண்டிய இடத்தில் அது வேண்டும். எப்போது முடியும் என்று ஊகித்து எண் போடுவதைத்தான் தவறு என்கிறேன்.

இதே அனுபவத்தை ஒரு நேர்காணலில் சொன்னேன். "மண்டி பில்லிங்தானே, பெரிய புராஜெக்ட் ஏதும் இல்லையா?" என்று கேட்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்தே வேலை செய்கிறேன் என்றதும் சம்பளத்தையும் குறைத்துப் பேசினார்கள். விவசாயிக்குப் போகும் சிட்டையில் எடை சரியாக இருப்பது சின்ன வேலையா? இன்றைக்கும் அது ஆறவில்லை.

அப்புறம், வியூ போன்ற இன்னொரு கருவியான ரியாக்ட் (React) பயன்படுத்துபவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஸ்டேட்டை (காம்பொனென்ட் நினைவில் வைக்கும் மதிப்பு) மாற்றியபின் அதே ஹேண்ட்லருக்குள் மாறியே பழைய மதிப்பைத்தான் காட்டும். 2022ல் வந்த ரியாக்ட் 18 முதல் செட்டைம்அவுட், ப்ராமிஸ் (பிறகு முடியப்போகும் வேலையைக் குறிப்பது) ஆகியவற்றுக்குள் செய்யும் மாற்றங்களும் சேர்த்தே வரையப்படுகின்றன.

நெக்ஸ்ட்டிக் போட்டும் உங்களுக்குப் பழையதே வந்தால், வியூ கவனித்துக்கொண்டிருக்கும் ரியாக்டிவ் ஆப்ஜெக்டிலிருந்து தனியே பிரித்தெடுத்த சாதாரண மாறியை மாற்றுகிறீர்களா என்று பாருங்கள். அதை வியூ கவனிக்காது. அதுவும் இல்லையென்றால் கோடைக் கீழே போடுங்கள், பார்க்கிறேன்.