கடைசிக் குழாய்க்கு வெந்நீர் வர ஏன் இவ்வளவு நேரம்?

கேள்வி (பாளையங்கோட்டை): அண்ணாச்சி, மொட்டைமாடியில் சோலார் இருக்கிறது. கீழே பின்பக்கக் குளியலறையில் அரை வாளி பச்சைத் தண்ணீர் போன பிறகுதான் சூடே வருகிறது. சோலார் பழுதா?

பதில்: பாவம், சோலார் மேல் பழி போடாதீர்கள். ராத்திரி முழுக்கக் குழாயில் நின்று ஆறிய தண்ணீர்தான் முதலில் வரும். ஒரு இஞ்ச் சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் மீட்டருக்குச் சுமார் 400 மில்லி பிடிக்கும். முக்கால் இஞ்ச் என்றால் 250, அரை இஞ்ச் என்றால் 120தான். 20 மீட்டர் ஓடினால் ஒரு இஞ்சில் 8 லிட்டர் ஆறிக் கிடக்கும். அரை இஞ்சில் இரண்டரை லிட்டர்கூட இல்லை. "பெரிய பைப் போட்டால் வேகமாக வரும்" என்று கொத்தனார் முதல் மாமனார் வரை சொல்வார்கள். வெந்நீருக்கு அது தலைகீழ். அதற்காக முழுக்க அரை இஞ்ச் போட்டுவிடவும் கூடாது, மாடிக் குளியலறையில் நூலாக வடியும். மெயின் லைன் முக்கால், கிளை அரை. அது போதும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): குழாய்க்கு ஃபோம் உறை மாட்டினால் சீக்கிரம் வருமா?

பதில்: விடிந்ததும் திறக்கும் முதல் ஆளுக்கு ஒன்றும் மாறாது. அவர் குளித்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போகிறவருக்குத்தான் லாபம். உங்கள் பக்கம் சாரல் காலத்தில் மாடியில் வெளியே ஓடும் குழாய்க்குக் கட்டாயம் மாட்டுங்கள். வெயிலில் ஃபோம் பொரிந்து உதிரும், மேலே அலுமினிய டேப் சுற்றிவிடுங்கள். (சித்திரையில் இதெல்லாம் எதற்கு? மத்தியானம் பச்சைத் தண்ணீர்க் குழாயிலேயே கை சுடும்.)

கேள்வி (வள்ளியூர்): குழாயில் ஆறிய தண்ணீரைத் திரும்ப டேங்குக்கே சுழற்றி அனுப்பும் சுற்றுப் பம்ப் வைக்கலாமா?

பதில்: குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தினால் வையுங்கள். கட்டி முடித்த வீட்டில் திரும்பு குழாய்க்காக டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும். நாள் முழுக்க ஓடவிட்டால் சூடெல்லாம் சுவருக்குத்தான் போகும்.

கேள்வி (தென்காசி): சமையலறைக்கு மட்டும்தான் தொல்லை.

பதில்: அப்படியானால் சிங்க் பக்கத்திலேயே 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் ஒன்று மாட்டிவிடுங்கள். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி பாயின்டில் சொருகிவிடாதீர்கள். போர்டிலிருந்து தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட், நல்ல எர்த் வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் சுண்ணாம்பு படியும், அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி (சங்கரன்கோவில்): இப்போதுதான் அஸ்திவாரம் போட்டிருக்கிறோம்.

பதில்: சரியான நேரத்தில் கேட்டீர்கள். சமையலறையும் குளியலறையும் ஒரே சுவரின் இரு பக்கம் வருமாறு பிளானை மாற்ற முடியுமா என்று இன்ஜினியரிடம் இன்றே கேளுங்கள். கீசரை அந்தச் சுவரிலேயே மாட்டிக்கொள்ளலாம்.