வயாவின் துளையை எவ்வளவு வைக்கலாம்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் மூன்று, பிசிபி எனப்படும் மின்சுற்றுப் பலகையின் வயா பற்றியவை. பலகையின் மேற்பக்கக் காப்பரையும் அடிப்பக்கக் காப்பரையும் இணைப்பதற்காக, உட்சுவரில் காப்பர் ஏற்றப்பட்ட சிறு துளையையே வயா என்கிறோம்.

கேள்வி: ஐயா, டிப்ளமோ இறுதியாண்டு புராஜெக்டுக்காக கிகேட் என்ற பலகை வடிவமைப்பு மென்பொருளில் இரண்டு அடுக்குப் பலகை ஒன்றை வடிவமைத்தேன். இடம் போதாததால் வயாவின் வெளிவிட்டத்தை 0.5 மி.மீ. என்றும் துளையை 0.4 மி.மீ. என்றும் வைத்தேன். டிஆர்சி எனும் வடிவமைப்பு விதிச் சோதனை பிழை காட்டியது. விதியில், துளையைச் சுற்றியுள்ள காப்பர் வளையத்தின் குறைந்தபட்ச அளவை 0.05 மி.மீ. ஆக்கியதும் பிழை மறைந்துவிட்டது. ஆனால் பலகை தயாரிப்பவர், வளையம் போதாது என்று கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார். யார் சொல்வது சரி?
– மாணவர், வியாசர்பாடி

பதில்: தயாரிப்பவர் சொல்வதே சரி. டிஆர்சி என்பது நீங்கள் எழுதிக் கொடுத்த எல்லைகளோடு உங்கள் வரைபடத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை மட்டுமே. எல்லையையே தளர்த்திவிட்டால் அதற்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

துளையைச் சுற்றி எஞ்சும் காப்பர் வளையத்தின் அகலம், வெளிவிட்டத்திலிருந்து துளையைக் கழித்து இரண்டால் வகுத்தால் வருவது. உங்கள் கணக்கில் அது 0.05 மி.மீ. ஆனால் அந்த 0.05 கூட உங்களுக்குக் கிடைக்காது. நீங்கள் கோப்பில் கொடுக்கும் 0.4 மி.மீ. என்பது, பொதுவாக, காப்பர் ஏற்றி முடித்த பிறகு இருக்க வேண்டிய அளவாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. துளையின் சுவரில் 20 முதல் 25 மைக்ரான் வரை காப்பர் ஏறும், அதன் மேல் பூச்சும் ஏறும். இவற்றுக்கு இடம் விட்டு, ஏறத்தாழ 0.1 மி.மீ. பெரிய பிட்டைக் கொண்டுதான் துளையிடுவார்கள். அதாவது, 0.5 மி.மீ. பேடில் (துளைக்கான காப்பர் வட்டத்தில்) 0.5 மி.மீ. பிட் இறங்குகிறது, வளையமே இல்லாமல் போய்விடுகிறது. இதற்கு மேல், பிட் மையத்திலிருந்து சற்று விலகினாலும் துளை பேடுக்கு வெளியே பிதுங்கிவிடும். டிராக், அதாவது மின்னோட்டம் செல்லும் காப்பர் பாதை, வந்து சேரும் பக்கத்தில் அப்படி நேர்ந்தால் இணைப்பே அறுந்துபோகலாம்.

இடம் வேண்டுமென்றால் வளையத்தைக் குறைக்காதீர்கள், துளையைக் குறையுங்கள். 0.3 மி.மீ. துளையும் 0.6 மி.மீ. வெளிவிட்டமும் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தயங்காமல் ஏற்கும் அளவு. அதற்கும் கீழே 0.2 மி.மீ.க்குப் போனால், 1.6 மி.மீ. தடிமனுள்ள பலகையில் ஆழம் விட்டத்தைப் போல் 8 மடங்காகிவிடும். அவ்வளவு ஒடுங்கிய துளைக்குள் முலாம் கரைசல் சீராக ஓடுவது கடினம், பிட்டும் எளிதில் ஒடியும், விலையும் ஏறும். மாணவர் புராஜெக்டுக்கு அது தேவையே இல்லை. வரையத் தொடங்கும் முன்பே தயாரிப்பவரிடம் அவருடைய குறைந்தபட்சத் துளை, வளையம், இடைவெளி ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கி, கிகேட்டின் போர்டு செட்டப் பகுதியில் பதிந்துவிடுங்கள். அதன்பின் டிஆர்சி காட்டும் ஒவ்வொரு பிழையும் உண்மையான பிழையாக இருக்கும்.

கேள்வி: காசிமேட்டில் விசைப்படகுகளின் பேட்டரி சார்ஜர்களைப் பழுது பார்க்கிறேன். நானே ஒரு சார்ஜர் பலகையை வடிவமைத்தேன். 5 ஆம்பியர் மின்னோட்டம் ஒரே ஒரு வயா வழியாக அடிப்பக்கம் போகிறது. அந்த இடம் பழுப்பேறிவிட்டது. எத்தனை வயா போட வேண்டும்?
– வாசகர், காசிமேடு

பதில்: வயாவை, சுருட்டி வைத்த டிராக்காக எண்ணிக் கணக்கிடலாம். 0.3 மி.மீ. துளையில் 20 மைக்ரான் காப்பர் இருந்தால், சுவரின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 0.02 சதுர மி.மீ.; வழக்கமான 35 மைக்ரான் காப்பரில் இது 0.57 மி.மீ. அகல டிராக்குக்குச் சமம். வெளி அடுக்கில் 5 ஆம்பியர் ஓடும்போது வெப்பம் 10 டிகிரிக்கு மேல் ஏறாதிருக்க, பலகை வடிவமைப்புத் தரநிலையான ஐபிசி 2221-இன் சூத்திரப்படி ஏறத்தாழ 2.8 மி.மீ. அகலம் வேண்டும். ஆக, 5 வயாக்கள் கணக்குக்குச் சரியாக வருகின்றன. மின்னோட்டம் எல்லாவற்றிலும் சமமாகப் பிரியாது என்பதால் நான் 8 போடச் சொல்வேன். மின்னோட்டம் வரும் திசைக்குக் குறுக்கே அவற்றை வரிசையாக வையுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக நீளவாக்கில் வைத்தால் முதலில் இருப்பவையே அதிகச் சுமையைத் தாங்கும். துளை அளவு மாறினால் இந்தக் கணக்கும் மாறும். கிகேட்டுடன் வரும் கால்குலேட்டரில் டிராக்குக்கும் வயாவுக்கும் தனித்தனிப் பக்கங்கள் உள்ளன, அங்கே போட்டுப் பாருங்கள்.

உங்கள் பலகை உப்புக்காற்றில் வாழப்போவது என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயாக்களை இருபுறமும் சோல்டர் மாஸ்க்கால் (பலகையின் மேலுள்ள காப்புப் பூச்சால்) மூடுமாறு அமைத்து, தயாரிப்பவருக்கு அனுப்பும் கெர்பர் கோப்பைத் திறந்து மாஸ்க் அடுக்கில் வயா இடங்களில் திறப்பு இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். ஒரு புறம் மட்டும் மூடினால் ஃபிளக்ஸும் (சோல்டர் பிடிக்க உதவும் பசையும்) ஈரமும் துளைக்குள் தங்கி, காப்பரை உள்ளிருந்து அரிக்கும். பாகங்களைப் பொருத்திய பிறகு, பலகையை நன்றாகக் கழுவி உலர்த்தி, கான்ஃபார்மல் கோட்டிங் எனும் ஈரம் தடுக்கும் மெல்லிய பூச்சு அடிப்பதும் படகுக்குப் போகும் எந்தப் பலகைக்கும் அவசியம்.

கேள்வி: ஐசி காலின் பேடிலேயே வயாவை வைக்கலாமா? டிராக் இழுக்க இடமில்லை.
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சாதாரணத் துளையாக வைக்காதீர்கள். சூடேற்றும்போது சோல்டர் துளை வழியே கீழே இறங்கிவிடும், காலில் பிடிப்பு குறையும். துளையை நிரப்பி மேலே காப்பர் மூடித் தருவார்கள், ஆனால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. பேடிலிருந்து சிறிது தூரம் டிராக் இழுத்து, நடுவில் சோல்டர் மாஸ்க் இருக்கும்படி வயாவை வைப்பதே சிக்கனமான வழி. ஐசியின் அடியில் வெப்பத்தை இறக்குவதற்காக இருக்கும் பெரிய பேடு மட்டும் விலக்கு, அங்கே 0.3 மி.மீ. அல்லது அதற்கும் சிறிய துளைகளைச் சுமார் 1 மி.மீ. இடைவெளியில் வைப்பது வழக்கம். அவற்றைப் பெரிதாக்கினால் அந்தப் பேடிலும் சோல்டர் வடிந்துவிடும்.