பழைய மவுண்டன் பைக்: அனுப்பும் முன்னும் ஓட்டும் முன்னும்

கேள்வி: தொண்ணூறுகளின் நடுவில் வாங்கிய 26 அங்குல மவுண்டன் பைக் ஒன்று என் அண்ணன் வீட்டில் பல ஆண்டுகளாக ஓட்டப்படாமல் நிற்கிறது. எஃகு ஃபிரேம், முன்னும் பின்னும் ரிம் பிரேக். நான் வசிக்கும் ஊருக்கு அதைப் பார்சலில் வரவழைத்து மீண்டும் ஓட்ட ஆசைப்படுகிறேன். ஆகும் செலவுக்கு அது தகுமா? எப்படிக் கட்டி அனுப்பச் சொல்வது?

பதில்: தகுமா தகாதா என்பதைத் தீர்மானிப்பவை ஃபிரேமும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும்தான். டயர், டியூப், செயின், கேபிள், பிரேக் கட்டை எல்லாம் தேய்வதற்கென்றே உள்ள பொருள்கள். அவை எவ்வளவு கெட்டிருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். ஃபிரேமில் விரிசல் இருந்துவிட்டால் அனுப்பும் கூலி முழுவதும் வீணாகும். ஆகவே பெட்டி தேடுவதற்கு முன்பே, வண்டியை ஈரத்துணியால் துடைத்து நல்ல வெளிச்சத்தில் பார்க்கும்படி உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் கூடும் இடம், பெடல் அச்சு செல்லும் அடிப்பகுதி, சீட் குழாயின் மேல் விளிம்பு, பின்சக்கர அச்சு உட்காரும் பிளவுகள் ஆகிய நான்கு இடங்களிலும் பற்றவைப்பை ஒட்டி மெல்லிய கோடு ஓடுகிறதா என்று விரல் நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். முன்பக்கம் இருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் சாய்வுக் குழாயின் அடியில், முன்முனைக்குச் சற்றுப் பின்னால், பெயிண்ட் அலை அலையாகச் சுருங்கியிருந்தால் அந்த வண்டி முன்பு எதிலோ பலமாக மோதியிருக்கிறது என்று பொருள். அத்தகைய ஃபிரேமை நான் ஏற்க மாட்டேன். மேற்பரப்பில் படிந்த துருவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பெயிண்ட் குமிழ் விட்டிருக்கும் இடத்தைத் திருப்புளி முனையால் அழுத்தும்போது உலோகம் உள்வாங்கினால் மட்டும் அதை அங்கேயே விட்டுவிடலாம்.

அதே நேரத்தில் சீட் தண்டும் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மும் அசைகின்றனவா என்பதையும் பார்த்துவிட வேண்டும். எஃகுக் குழாய்க்குள் பல காலம் கழற்றப்படாமல் இருக்கும் அலுமினியத் தண்டு, ஈரம் பட்டு இரு உலோகங்களும் அரித்துக்கொள்வதால் உள்ளேயே இறுகிவிடுவதுண்டு. இறுகியிருந்தால் விளிம்பைச் சுற்றி ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் சீட்டையே பிடியாகக் கொண்டு இடமும் வலமுமாகத் திருப்பிப் பார்க்கட்டும். சுத்தியலால் அடிக்க வேண்டாம். எதற்கும் அசையாத தண்டு, உயரம் உங்களுக்குப் பொருந்தாத நிலையில் இருந்தால், அது பெரும் செலவு வைக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூலியைப் பொறுத்தவரை, எடையைவிடப் பெட்டியின் அளவே பெரும்பாலும் முன்னால் நிற்கும். பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து, வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்கின்றன. 140, 80, 20 என்ற அளவுள்ள பெட்டிக்கு இது 44.8 கிலோ ஆகிறது. உள்ளே இருக்கும் வண்டி 14 கிலோ இருந்தாலும் பணம் 44.8 கிலோவுக்குத்தான். முன்சக்கரத்தோடு பின்சக்கரத்தையும் கழற்றி 110, 70, 25 அளவுள்ள பெட்டியில் அடக்கினால் 38.5 கிலோவாகக் குறையும். ரயிலிலோ பேருந்திலோ அனுப்பும்போது விதிகள் வேறாக இருக்கலாம் என்பதால், கட்டுவதற்கு முன்பே அளவுகளைச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

பெட்டிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சைக்கிள் கடைகளில் புது வண்டிகள் வந்து இறங்கும் அட்டைப் பெட்டிகளைப் பெரும்பாலும் தூக்கித்தான் போடுகிறார்கள். அவற்றோடு வரும், ஃபோர்க்கின் இரு கால்களுக்கு இடையே பொருத்தும் பிளாஸ்டிக் தாங்கியையும் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றிய பின் அந்த 100 மில்லிமீட்டர் இடைவெளியில் எதுவும் இல்லாவிட்டால், மேலே வேறு பார்சல் விழும்போது ஃபோர்க்கின் கால்கள் உள்நோக்கி வளைந்துவிடும். பழைய வண்டிகள் வழியில் கெடுவதற்கு இந்தச் சிறு துண்டு இல்லாததே பல வேளைகளில் காரணமாகிறது. கிடைக்கவில்லையென்றால் அதே நீளத்தில் ஒரு மரத்துண்டை வெட்டி வைத்துக் கட்டலாம்.

பெடல்களைக் கழற்றும்போது, இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் ஓடுவது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஸ்பேனரை அச்சுக்கு மேலே நிமிர்த்தி மாட்டி, எந்தப் பக்கமானாலும் வண்டியின் பின்புறம் நோக்கித் தள்ளினால் கழலும். செயினை ஒரு பின்பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவச் செய்யும் டிரெய்லியரை (derailleur) அதன் ஒற்றைத் திருகிலிருந்து விடுவித்து, துணியில் சுற்றி, ஃபிரேமுக்கு உட்பக்கமாகக் கட்டிவிடட்டும்; கேபிளை அறுக்க வேண்டியதில்லை. முன்பல்சக்கரத்தின் பற்கள் அட்டையைக் கிழித்துத் தரையில் மோதாதபடி அதன் அடியில் தடித்த அட்டையை மடித்து வைக்க வேண்டும். ஸ்டெம் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: ஃபோர்க் தண்டுக்கு உள்ளே இறங்கும் பழைய வகை ஸ்டெம்மை உருவி எடுத்தாலும் ஃபோர்க் தன் இடத்தில் நிற்கும், தண்டின் வெளிப்புறத்தைக் கவ்விப் பிடிக்கும் பிந்தைய வகையைக் கழற்றினால் ஃபோர்க் கீழே நழுவி, பேரிங் குண்டுகள் சிதறிவிடக்கூடும். அந்த வகையானால் ஸ்டெம்மைத் தொடாமல் ஹேண்டில்பாரை மட்டும் கழற்றி, மேல்குழாயோடு சேர்த்துக் கட்டுவதே பாதுகாப்பானது.

கழற்றிய ஒவ்வொரு திருகையும் அது இருந்த துளையிலேயே மீண்டும் பொருத்திவிடச் சொல்லுங்கள். முடியாதவற்றை ஒரே பையில் இட்டு ஃபிரேமோடு கட்டட்டும். டயரில் பாதிக் காற்றை விட்டுவைத்தால் ரிம்முக்கு அது காப்பாக இருக்கும். அடிப்பகுதியில் பொறித்திருக்கும் வரிசை எண்ணையும் ஃபிரேமின் எல்லாப் பக்கங்களையும் மூடுவதற்கு முன் படமெடுத்துக்கொண்டால், வழியில் சேதமானால் இழப்பீடு கேட்க உதவும். நாடு கடந்து அனுப்புபவர்கள், குறிப்பாக ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ அனுப்புபவர்கள், டயரிலும் அடிப்பகுதியிலும் ஒட்டிய மண்ணைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். உயிரியல் பாதுகாப்புச் சோதனையில் அங்கே மண் ஒட்டிய பொருள்களைத் தடுத்து நிறுத்துவார்கள்.

கேள்வி: எனது பழைய மவுண்டன் பைக் வேறு ஊரிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆனால் கியர் மாற்றும் விசையை அழுத்தினால் பிடிப்பே இல்லாமல் போய்வருகிறது. பிரேக்கும் வலுவாகப் பிடிக்கவில்லை. எதையெல்லாம் மாற்ற வேண்டும், எதைக் காப்பாற்றலாம்?

பதில்: விசை உடைந்துவிட்டது என்று எண்ணிப் புதிது வாங்கிவிடாதீர்கள். விசைக்குள் இருக்கும் சிறு கொளுவிகள் பல்லில் விழுந்து கேபிளை இழுக்க வேண்டும். ஆலையில் தடவிய கிரீஸ் ஆண்டுக்கணக்கில் இறுகி மெழுகுபோல் ஆகும்போது அவை அசையாமல் ஒட்டிக்கொள்கின்றன. கேபிளை உருவிவிட்டு, விசையின் இடுக்குகள் வழியே எண்ணெய் ஸ்பிரேயை அடித்து, கரைந்து வழியும் அழுக்கைத் துடைத்து, மீண்டும் அடித்து, விசையைப் பலமுறை அழுத்திக்கொண்டே இருங்கள். பெரும்பாலானவை ஓரிரு நாள்களில் உயிர் பெற்றுவிடும். மூடியைக் கழற்றி உள்ளே நோண்ட வேண்டாம். சுருள்வில் தெறித்துவிட்டால் மீண்டும் பூட்டுவது தேர்ந்தவருக்கே கடினம்.

பிரேக்கில் சிக்கனம் பார்க்கவே கூடாது. கேபிள், கேபிள் உறை, கட்டை மூன்றையும் ஒருசேர மாற்றிவிடுங்கள். பழைய ரப்பர் கட்டை தேயாமல் இருந்தாலும் முகம் கண்ணாடியாக இறுகியிருக்கும். ஈரத்தில் அது ரிம்மைப் பிடிக்காது. உறை வாங்கும்போது பிரேக்குக்கு உரியதையே கேட்டு வாங்குங்கள். பிரேக் உறைக்குள் கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். கியர் உறைக்குள் நீளவாக்கில் கம்பிகள் அடுக்கப்பட்டிருக்கும். கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டால் முழு வேகத்தில் அழுத்தும் நொடியில் அது பிளந்துவிடக்கூடும். இன்னொன்று, சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம், நீண்ட இரு கைகளைக் கேபிள் பக்கவாட்டில் இழுக்கும் தன் வி-பிரேக்கை 1996 இல் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலும், குட்டையான இரு கைகளைக் கேபிள் நடுவிலிருந்து மேலே இழுக்கும் கான்டிலீவர் வகையே இருக்கும். வி-பிரேக்குக்குக் கேபிள் அதிகமாக இழுக்கப்பட வேண்டும் என்பதால், பழைய பிரேக் கைப்பிடியை வைத்துக்கொண்டு பிரேக்கை மட்டும் மாற்றினால் கட்டை ரிம்மைத் தொடுவதற்குள் கைப்பிடி ஹேண்டில்பாரில் இடித்துவிடும். மாற்றுவதானால் இரண்டையும் மாற்றுங்கள். கட்டை உரசும் ரிம்மின் பக்கச் சுவர் உட்குழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நன்றாகக் குழிந்த ரிம், டயரின் காற்றழுத்தம் தாங்காமல் வெடிக்கலாம்.

செயினை அளந்து பார்த்தே முடிவு செய்யலாம். அடுத்தடுத்த பன்னிரண்டு முழுக் கண்ணிகள், ஊசி மையத்திலிருந்து ஊசி மையம் வரை, புதிதில் 304.8 மில்லிமீட்டர் இருக்கும். 306.4 ஐத் தொட்டுவிட்டால் செயினை மாற்றுங்கள். 308 ஐத் தொட்டுவிட்டால் பின்பல்சக்கரங்களும் சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் மட்டும் போட்டால் மிதிக்கும்போது பல் தாவும். பின்னால் 6, 7, 8 பல்சக்கரங்கள் கொண்ட வண்டிகளுக்கு ஒரே அகலமுள்ள செயின் போதும் என்பது பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி. சக்கரத்தை கையால் சுழற்றும்போது மணல் அரைபடுவது போன்ற உணர்வு இருந்தால், சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றியுள்ள ஹப்பைப் பிரித்து, குண்டுகளை மாற்றி, புது கிரீஸ் வைக்க வேண்டும். அதை முடித்த பிறகே கோட்டம் எடுக்கக் கொடுங்கள், அச்சு ஆடும் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துப் பயனில்லை.

கேள்வி: முன்பக்க ஷாக் ஃபோர்க் சிறிதும் அமுங்கவில்லை. டயரின் பக்கவாட்டில் வெடிப்புகள் உள்ளன. 26 அங்குல டயர் எதுவானாலும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. டயரில் தசமமாக 26 x 1.95, 26 x 2.1 என்று அச்சிட்டிருந்தால் அது 559 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரியது. அதுவே உங்களுக்கு வேண்டியது. பின்னமாக 26 x 1⅜ என்று இருந்தால் அது 590 மில்லிமீட்டர் ரிம்முக்கானது. உங்கள் ரிம்மில் தளர்ந்து கழன்றுவிடும். வெடிப்பு விட்ட டயரை இன்னும் சில நாள் ஓட்டலாமே என்று நினைக்க வேண்டாம். டியூபோடு, ஸ்போக் முனைகளை மூடும் ரிம் நாடாவையும் புதிதாகப் போடுங்கள்.

அக்காலத்து ஷாக் ஃபோர்க்குகள் பலவற்றில் சுருள்வில்லுக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ ரப்பர் போன்ற உருளைகளை அடுக்கியிருந்தார்கள். அவை காலப்போக்கில் கல்லாக இறுகும், அல்லது பிசுபிசுத்து உருகிப்போகும். மாற்று உருளை கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் ஷாக் இல்லாத ஃபோர்க்கைப் பொருத்தலாம். அப்போது தண்டின் விட்டமும் பிரேக் பொருத்தும் முளைகளும் ஒத்திருப்பதோடு, அச்சிலிருந்து ஃபோர்க்கின் தலை வரை உள்ள நீளமும் பழையதற்கு நெருக்கமாக இருக்க வேண்டும். குட்டையான ஃபோர்க் போட்டால் வண்டியின் முகம் தாழ்ந்து, திருப்பும்போது பதற்றமாக ஆகிவிடும். பெடல்களும் தரைக்கு நெருங்கி வரும்.

கேள்வி: எல்லா வேலைகளும் முடிந்துவிட்டன. நேராகக் காட்டுப்பாதைக்குக் கொண்டுபோகலாமா?

பதில்: முதலில் சமதரை. ஏறுவதற்கு முன் இரு பிரேக் கைப்பிடிகளையும் முழு பலத்துடன் பலமுறை இறுக்கிப் பாருங்கள். பலமில்லாத கேபிள் முடிச்சு வீட்டு வாசலிலேயே நழுவட்டும். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பினால் அது தனியாகத் திரும்பக் கூடாது. முன்பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைக்கும்போது ஸ்டெம்முக்குக் கீழே ‘டக்’கென்று தட்டினால் அங்குள்ள பேரிங் தளர்ந்திருக்கிறது. வெளிக்கவ்வும் வகை ஸ்டெம்மில், மேல்மூடித் திருகை முதலில் இறுக்கி ஆட்டத்தை நீக்கிய பிறகே பக்கத் திருகுகளை இறுக்க வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது டிரெய்லியர் பல்சக்கரங்களுக்கு இணையாகத் தொங்காமல் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால், வழியில் அதன் கொக்கி வளைந்திருக்கிறது. நிமிர்த்தாமல் பெரிய பல்லுக்கு மாற்றினால் அது ஸ்போக்கில் சிக்கும். முதல் சில ஓட்டங்களில் புதுக் கேபிள்களின் உறைகள் படிந்து கியரும் பிரேக்கும் தளரும் என்பதால், அவற்றை மறுபடி இழுத்துச் சரிசெய்து, எல்லாத் திருகுகளையும் இன்னொரு முறை இறுக்கிவிட்டு, அதன் பிறகு காட்டுப்பாதைக்குப் புறப்படுங்கள்.