புகையை எடைபோடுவது எப்படி?

கேள்வி: எங்கள் பக்கத்துப் புகைக்கூண்டுகளில் வரும் கந்தக டை ஆக்சைடுதான் எரிமலையிலும் வருகிறதாமே? அதை அளந்து வெடிப்பை முன்கூட்டியே சொல்ல முடியுமா?
– ஒரு வாசகி, எண்ணூர்

பதில்: அதே வாயுதான். வேடிக்கை என்னவென்றால், எரிமலைக்காரர்கள் 1970களில் கையிலெடுத்த 'காஸ்பெக்' கருவியே ஆலைப் புகையை அளக்கச் செய்ததுதான்.

பாறைக்குழம்பு மேலேற ஏற அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த வாயுக்கள் பிரியும். கார்பன் டை ஆக்சைடு பல கிலோமீட்டர் ஆழத்திலேயே கழன்றுவிடும். கந்தக வாயு பெரும்பாலும் மேலே நெருங்கிய பிறகுதான். அதனால் கந்தகத்தோடு ஒப்பிடும்போது கார்பன் திடீரென்று கூடினால், அடியில் புதுக்குழம்பு வந்திருக்கலாம் என்று சந்தேகிக்கலாம்.

அளக்க, புற ஊதாக் கதிரைப் பார்க்கும் நிறமாலைமானியை (ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவி) வண்டியில் வானம் பார்க்க வைத்து, புகைக்கு அடியில் குறுக்கே ஓட்டுவார்கள். புகையின் அகலம் 2,000 மீட்டர், தலைக்கு மேலுள்ள புகையில் சதுர மீட்டருக்குச் சராசரி அரை கிராம் கந்தக வாயு, காற்று வினாடிக்கு 5 மீட்டர் என்று வையுங்கள். மூன்றையும் பெருக்கினால் வினாடிக்கு 5 கிலோ, நாளுக்கு 432 டன். காற்று உண்மையில் 7 மீட்டராக இருந்தால் அதே புகை 605 டன்! பெரும்பாலான பிழை காற்றுவேகத்தில்தான். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையும் மாலையும், மேகமூட்டமும் அளவைக் கெடுக்கும்.

கார்பனை இப்படித் தூரத்திலிருந்து பிடிப்பது கடினம். சாதாரணக் காற்றிலேயே அது பத்து லட்சத்தில் 420 பங்குக்கு மேல் இருக்கிறதே. பம்ப், வடிகட்டி, உணரிகள் வைத்த பெட்டியைப் புகைக்குள்ளேயே வைத்து இரண்டின் விகிதத்தை எடுக்க வேண்டும். அமிலம் பெட்டியை அரிக்கும், வடிகட்டி அடைக்கும். இன்னொரு கந்தக வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடை அளக்கும் உணரி கந்தக டை ஆக்சைடுக்கும் கொஞ்சம் தலையாட்டும். அதைக் கழித்தே கணக்கிட வேண்டும்.

வாயு குறைந்தால் நிம்மதி என்று நினைத்துவிடாதீர்கள். நிலத்தடி நீர் கந்தக வாயுவைக் கரைத்துக்கொள்ளும். எரிமலையின் வாய் அடைபட்டாலும் வாயு வெளியே வராது. 1991 மே 13இல் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ எரிமலையில் கந்தக டை ஆக்சைடு நாளுக்கு 500 டன். மே 28இல் 5,000 டன்னுக்கு மேல். ஜூன் தொடக்கத்தில் சில நூறு டன்னாகச் சரிந்தது. ஜூன் 15இல் பெருவெடிப்பு. நில அதிர்வுகளையும் சேர்த்துப் பார்த்ததால்தான் மக்களை அப்புறப்படுத்த முடிந்தது.

நம் நாட்டில் உயிரோடிருக்கும் எரிமலை அந்தமானின் பாரன் தீவு. ஆளில்லாத தீவு என்பதால் செயற்கைக்கோள்கள் பெரிய உதவி. ஆனால் அவற்றின் படத்தில் ஒரு புள்ளியே சில கிலோமீட்டர் அகலம். மெல்லிய புகை அதில் கரைந்துபோகும்.