சசாகி ஏன் 65 லட்சம் டாலருக்கு ஒப்புக்கொண்டார்?

வணக்கம் நண்பரே. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலுக்குப் போன ஜப்பானிய வீரர்களில் யமமோட்டோவுக்கு 32.5 கோடி டாலர் கிடைத்தபோது, ரோகி சசாகி மட்டும் ஏன் 65 லட்சத்துக்குப் போனார், காசுள்ள வேறு அணிகள் ஏன் கூடுதலாகத் தரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஏஜென்ட் சொதப்பவில்லை, எல்லாம் வயதுக் கணக்குதான்.

25 வயது நிரம்பி, வெளிநாட்டு லீகில் ஆறு சீசன் ஆடியவருக்கு மட்டும்தான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். யமமோட்டோவுக்கு அப்போது வயது 25. சசாகிக்கு 23தான். அதனால் டொமினிக்கன் குடியரசிலிருந்து புதிதாகச் சேர வரும் 16 வயதுப் பையன்களோடு அதே வரிசையில் நின்றார். அவர்களுக்காக ஒவ்வொரு அணிக்கும் ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகை உண்டு. அதைத் தாண்ட முடியாது. வேறு அணியிடமிருந்து கொஞ்சம் வாங்கிச் சேர்க்கலாம், அவ்வளவே.

அந்தச் சேர்க்கும் வேலையில்தான் கூத்து. 2025 ஜனவரி 17 அன்று டொராண்டோ அணி சசாகிக்காக இப்படி 20 லட்சம் டாலரைக் கிளீவ்லாந்து அணியிடமிருந்து வாங்கியது. கூடவே மைல்ஸ் ஸ்ட்ரா என்ற வீரரையும் அவர் சம்பளச் சுமையையும் தலையில் கட்டிக்கொண்டது. அன்றைக்கே சசாகி, போவது லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு என்று அறிவித்துவிட்டார். பாவம்!

எனக்கு உறுத்துவது வேறு. டாட்ஜர்ஸிடம் ஏற்கெனவே வாய்மொழியாகப் பேசி முடித்திருந்த சில பையன்கள், தொகை சசாகிக்குப் போகும் என்றானதும் வேறு அணி தேட வேண்டியதாயிற்று. வாய்ப்பேச்சுக்கு ஏது பத்திரம்?